எஞ்சினை எழுப்பும் வித்தை

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் அதன் வேகத்தையும், அது கடந்த தூரங்களையும், அதன் வருகையால் மாறிப்போன ஊர்களையும் பற்றியே விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்கள். அந்த வண்டி நகர்வதற்கு முன்னால், அசைவற்றுக் கிடக்கும் இரும்புத் தொகுதியை எழுப்பி இயங்கவைப்பதற்காக மனிதர்கள் பட்ட பாட்டை எழுதியவர்கள் மிகச் சிலரே. நீராவி எஞ்சினுக்கு இந்தச் சங்கடம் இல்லை. கொதிகலனில் ஆவி சேர்ந்து, வால்வையும் திறந்துவிட்டால், அது முதல் அசைவிலேயே பாரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். மின்சார மோட்டாரும் அப்படித்தான். பெட்ரோல் எஞ்சினோ, காற்றையும் பெட்ரோல் ஆவியையும் உள்ளே இழுத்து, அவற்றை அழுத்தி, உரிய கணத்தில் பொறி விழுந்து, அந்த வெடிப்பின் பலனைப் பெற்ற பிறகே தன் சொந்தச் சக்தியில் சுழலும் இயல்புடையதாகையால், அந்த முதல் சில சுற்றுகளுக்கு வெளியிலிருந்து யாரேனும் கைகொடுத்தாக வேண்டியிருக்கிறது.

அந்த வெளிச்சக்தி முதலில் மனிதனுடைய புயபலமாக இருந்தது. 1912ஆம் ஆண்டிலிருந்து அது பாட்டரியில் சேமித்த மின்சாரமாக மாறத் தொடங்கியது. வண்டி கிளம்பாதபோது கோளாறு என்னவென்று கண்டுபிடிக்கும் வித்தையும் அந்த ஒரு மாற்றத்தால் இரண்டாகப் பிரிந்தது என்பது என் எண்ணம். கையால் சுழற்றிய காலத்தில் எஞ்சினுக்குப் பிரதானமாக ஒரே நோய்தான் உண்டு: சுழற்றினால் சுழலும், ஆனால் பற்றிக்கொள்ளாது. மந்தமாகச் சுழல்கிறது, சுழலவே மறுக்கிறது என்னும் நோய்கள் பாட்டரியும், எஞ்சினைச் சுழற்றும் செல்ஃப் மோட்டாரும் வந்த பிறகு பிறந்தவை. இன்றும் பட்டறைகளில் நேரும் வீண் செலவில் பெரும்பகுதி இந்த இருவகை நோய்களையும் வேறு பிரித்து அறியாமையால் விளைவது. ஆகவே அவை எவ்வாறு தோன்றின என்று பார்ப்பது வெறும் பழங்கதை பேசுவதாகாது.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886 ஜனவரியில் உரிமைப் பத்திரத்துக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டிக்குச் சுழற்றும் கைப்பிடியே கிடையாது. வண்டியின் பின்புறத்தில், தரைக்குச் சமமாகப் படுத்த நிலையில், கனத்த சக்கரம் ஒன்று இருந்தது. அதைக் கையால் பற்றிச் சுழற்றியே எஞ்சினைக் கிளப்பினார்கள். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லிக்கொள்ளாமல், தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தை அந்த வகை வண்டியில் பிரயாணம் செய்தார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். பொறிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பியின் மேலுறை பழுதுபட்டபோது காலுறையை இழுத்துக் கட்டும் பட்டியை அதற்குக் காப்பாகச் சுற்றினார். ஒரு சாகசக் கதையாகவே பலரும் சொல்லும் இந்தப் பிரயாணத்தில், எஞ்சின் நின்றால் எரிபொருளையும் பொறியையும் பார் என்னும் விதி அன்றே நிலைபெற்றுவிட்டதை நான் காண்கிறேன். அந்த விதி இன்றளவும் மாறவில்லை.

எஞ்சின்கள் பெரியவையாகி, வண்டியின் முன்பக்கத்துக்கு இடம் மாறியபோது, கிராங்க் தண்டின் முனையில் கோத்துச் சுழற்றும் இரும்புக் கைப்பிடி பிறந்தது. ஹாண்டில் போடுவது என்று நம் ஊர்களில் சொல்லப்பட்ட அந்தக் காரியம் பார்ப்பதற்கு வெறும் பலப்பிரயோகமாகத் தோன்றினாலும், அதற்குரிய முறைகள் மிகக் கண்டிப்பானவை. கியர் நடுநிலையில் இருக்கிறதா, கைப்பிரேக் இழுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு ஸ்டீயரிங் சக்கரத்தின் கீழுள்ள சிறு நெம்புகோலால் பொறி விழும் நேரத்தைப் பிந்தச் செய்ய வேண்டும். ஹாண்டிலை உள்ளே தள்ளிக் கோத்து, கீழிருந்து மேலாக ஒரே இழுப்பாக இழுக்க வேண்டுமே தவிர, மேலிருந்து கீழாக அழுத்தவே கூடாது. கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுக்கு எதிராக வளைத்துப் பிடிக்காமல், அவற்றோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை நியமங்களுக்கும் காரணம் ஒன்றே. பிஸ்டன் உச்சிக்கு வந்து சேருமுன் பொறி விழுந்துவிட்டால், வெடிப்பு அதை வந்த வழியே திருப்பித் தள்ளும். எஞ்சின் தலைகீழாகச் சுழல, ஹாண்டிலும் அதனுடன் திரும்பி, பிடித்திருப்பவரின் கையை அடித்துவிடும். மேல்நோக்கி இழுக்கும் கையில், அந்தத் திருப்பு அடி ஹாண்டிலை விரல்களிலிருந்து உருவிக்கொண்டு போய்விடும். கீழ்நோக்கி அழுத்தும் கையிலோ, முழங்கை வரையில் பாய்ந்து எலும்பை முறிக்கும். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஆரை எலும்பின் நுனி உடையும் முறிவுக்கு, எலும்பு வைத்தியர்கள் இன்றும் ஷோஃபர் முறிவு என்ற பெயரையே வழங்குகிறார்கள் என்றால், அந்த விபத்து எவ்வளவு சாதாரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது விளங்கும்.

இவ்வளவு அபாயமும் சிரமமும் இருந்தும் அந்த ஹாண்டிலுக்கு ஒரு மேன்மை உண்டு. அதை எடுத்துச் சொல்லாமல் விடுவது அநியாயமாகும். சுழற்றுகிறவருக்கு எஞ்சினின் உள்நிலை கையாலேயே தெரிந்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டு மெதுவாகச் சுற்றினால், நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கனமான எதிர்ப்பு வரும். பிஸ்டன் காற்றை அழுத்தும் நேரம் அது. நான்கில் ஒன்று எதிர்ப்பே காட்டாமல் வழுக்கிப் போனால், அந்தச் சிலிண்டரின் வால்வு கருகிவிட்டது, அல்லது வளையம் தேய்ந்துவிட்டது என்று பொருள். குளிர்ந்த காலையில் கெட்டியாகிவிட்ட எண்ணெயின் இழுவை வேறு; பேரிங் இறுகிய எஞ்சினின் இழுவை வேறு. ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றுகிறவளுக்கு மாவின் பதம் கண்ணால் பாராமலே கையில் தெரிவதைப் போல, அந்நாளைய டிரைவர்களுக்கு இந்த வேற்றுமைகள் தெரிந்திருந்தன. எஞ்சின் மந்தமாகச் சுழன்றால் அதன் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. ஒன்று எஞ்சின் இறுகியிருக்க வேண்டும், அல்லது சுழற்றுகிறவர் களைத்திருக்க வேண்டும்.

ஆகவே அக்காலத்துப் பரிசோதனை முழுவதும், சுழன்றும் பற்றாத எஞ்சினைப் பற்றியதாகவே இருந்தது. பிளக் ஒன்றைக் கழற்றி, கம்பியோடு சேர்த்து எஞ்சினின் இரும்பின் மேல் படுக்கவைத்து, ஒருவர் சுழற்ற மற்றொருவர் குனிந்து, அதன் நுனியில் நீலப் பொறி துள்ளுகிறதா என்று பார்ப்பார்கள். பொறி இருந்தால் பெட்ரோலின் மேல் சந்தேகம். பெட்ரோல் வந்தும் பற்றாவிட்டால் அழுத்தத்தின் மேல் சந்தேகம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி உற்பத்தியான ஃபோர்டு டி மாடலில் இந்தப் பரிசோதனைக்குச் செவியும் துணைசெய்தது. டிரைவருக்கு எதிரே ஒரு மரப்பெட்டியில், சிலிண்டருக்கு ஒன்றாக, பொறியை உண்டாக்கும் நான்கு காயில்கள் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் இரும்பு நாக்கு அதிர்ந்து வண்டைப் போல ரீங்காரமிடும். ஹாண்டிலை மெள்ளச் சுற்றும்போது நான்கும் முறைவைத்து ஒலிக்க வேண்டும்; ஒன்று மௌனமாக இருந்தால் கோளாறு எந்தச் சிலிண்டருக்கு உரியது என்பது பானெட்டைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். ரேடியேட்டரின் அடியில் ஒரு கம்பி வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; ஹாண்டில் போடுகிறவர் ஒரு கையால் அதை இழுத்துக் காற்றைக் குறைத்தபடி, மறு கையால் சுழற்றுவார்.

அமெரிக்காவின் வடபகுதிகளில் குளிர்காலத்தில் இந்த வண்டியைக் கிளப்புவது ஒரு தனி வைபவம். அதன் கிளட்சுத் தகடுகள் எண்ணெயிலேயே மூழ்கியிருந்தமையால், கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாகித் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். சுழற்றுவதே பெரும்பாடு, சுழன்று பற்றிக்கொண்டாலோ, வண்டி தானாக ஊர்ந்து வந்து சுழற்றியவரையே சுவரோடு சாய்க்கப் பார்க்கும். ஆகவே பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி கொடுத்துத் தூக்கி வைத்துவிட்டே ஹாண்டில் போடுவார்கள். வெந்நீரைக் கெட்டில் கெட்டிலாகக் கொண்டுவந்து எஞ்சினின் மேல் ஊற்றுவதும் உண்டு.

கையின் துணையில்லாமல் எஞ்சினைக் கிளப்பும் யோசனை பலருக்கும் உதித்தது. அழுத்திய காற்றைச் சிலிண்டருக்குள் செலுத்திப் பார்த்தார்கள்; சுருள்வில்லை முறுக்கி விட்டுப் பார்த்தார்கள்; விளக்குக்காக வைத்திருந்த அசிடிலின் வாயுவைச் சிலிண்டரில் நிரப்பிப் பொறி வைத்துப் பார்த்தார்கள். க்ளைட் கோல்மன் என்னும் அமெரிக்கர் மின்சாரத்தால் கிளப்பும் சாதனத்துக்கு 1903ஆம் ஆண்டிலேயே உரிமைப் பத்திரம் பெற்றிருந்தார். ஆனால் அது வண்டியில் வைத்து நடத்தக்கூடியதாக அமையவில்லை. எஞ்சினைச் சுழற்ற வல்ல மோட்டாரும், அந்த மோட்டாருக்குத் தீனி போடும் பாட்டரியும் எஞ்சினுக்கு நிகரான பருமனில் இருக்க வேண்டுமென்று நிபுணர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அந்தக் கணக்கில் பிழை இல்லை. இடைவிடாமல் வேலைசெய்யும் மோட்டாருக்கு அது பொருந்தும்.

அந்த நிபந்தனையே இங்கு தேவையில்லை என்று கண்டவர் சார்லஸ் கெட்டரிங். ஒஹையோ மாநிலத்தில் 1876இல் பிறந்த அவர், டேட்டன் நகரத்து நேஷனல் காஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் வேலைபார்த்தபோது, கடைகளில் பணம் வாங்கும் கல்லாப்பெட்டி யந்திரத்தின் கைப்பிடியைச் சிறு மோட்டாரால் சுழற்றும் ஏற்பாட்டைச் செய்தவர். கல்லாவின் இழுப்பறை திறப்பது ஒரு கணத்து வேலை. அந்த ஒரு கணத்துக்கு, தாங்கக்கூடிய அளவைப் போல் பல மடங்கு மின்சாரத்தை மோட்டாருக்குள் பாய்ச்சினாலும், சூடேறிக் கருகுவதற்கு அவகாசம் கிடைப்பதற்குள் வேலை முடிந்துவிடும். எஞ்சினைக் கிளப்புவதும் அப்படிச் சில விநாடிகளின் காரியமே என்பதை அவர் உணர்ந்துகொண்டார். கெட்டரிங்கின் பெருமையைச் சொல்கிறவர்கள் அவர் ஒரு மோட்டாரைக் கண்டுபிடித்ததாகச் சொல்வதுண்டு. எனக்கென்னவோ, காலத்தின் அளவைக் கணக்கில் சேர்த்துக்கொண்ட அந்த விவேகமே அவருடைய உண்மையான கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது. செல்ஃப் மோட்டாரை ஒரேயடியாக அழுத்திப் பிடித்துக்கொண்டிராமல், சில விநாடிகள் இயக்கிவிட்டுச் சிறிது நேரம் ஆறவிட வேண்டும் என்று இன்றும் டிரைவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் விதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

எட்வர்ட் டீட்ஸுடன் சேர்ந்து 1909இல் அவர் நிறுவிய டெல்கோ என்னும் கம்பெனி, டீட்ஸின் வீட்டுக்குப் பின்னால் இருந்த வைக்கோல் கொட்டகையில் வேலையைத் தொடங்கிற்று. காடிலாக் கம்பெனித் தலைவர் ஹென்றி லீலண்ட், தம் நண்பர் பைரன் கார்ட்டர் பிறருடைய வண்டிக்கு ஹாண்டில் போடப்போய் அடிபட்டு மாண்ட துயரத்தால் இந்த முயற்சிக்கு ஊக்கமளித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கார்ட்டர் 1908இல் இறந்தது மெய், விவரங்களில் மட்டும் வரலாற்றாசிரியர்களிடையே பேதம் உண்டு. 1911இன் தொடக்கத்தில் லீலண்டுக்கு நடத்திக் காட்டப்பட்ட செல்ஃப், 1912ஆம் ஆண்டு காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. கிளப்பும்போது மோட்டாராகவும், கிளம்பிய பிறகு பாட்டரியை நிரப்பும் டைனமோவாகவும் ஒரே யந்திரம் வேலைசெய்தது; விளக்குகளும் பொறியும் அதே பாட்டரியிலிருந்து ஊட்டம் பெற்றன. இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் இதற்காகக் காடிலாக்குக்கு டியூவர் கோப்பையை அளித்தது. ஹென்றி ஃபோர்டோ, தம் மனைவி கிளாரா ஹாண்டில் தேவைப்படாத ஒரு மின்சாரக் காரையே ஓட்டிக்கொண்டிருந்தும், தம் டி மாடலில் செல்ஃபைச் சேர்ப்பதற்கு 1919 வரை காலம் தாழ்த்தினார்.

இங்கே புதிய நோய் பிறக்கிறது. முன்பு பொறி ஒன்றுக்குத்தான் மின்சாரம் வேண்டியிருந்தது. மாக்னெட்டோ உள்ள வண்டிகளில் அதற்குப் பாட்டரியும் தேவைப்படவில்லை. சுழற்சியிலிருந்தே பொறி பிறந்தது. இப்பொழுது சுழற்றவும் பொறிக்கும் ஒரே பாட்டரிதான் கதி. கிளப்பும் கணத்தில் ஒரு சாதாரணக் காரின் செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல், சில சமயம் இருநூறு ஆம்பியர் வரை இழுக்கிறது. பாட்டரி தளர்ந்திருந்தால் அதன் வோல்ட்டேஜ் அந்தக் கணத்தில் சரிந்துவிடும். மோட்டார் முனகிக்கொண்டே சுழலும். காயிலுக்குப் போகும் மின்சாரமும் குறைந்து பொறி வெளிறிவிடும். மந்தமான சுழற்சியில் கார்புரேட்டரின் உறிஞ்சுதலும் குறைவு. பெட்ரோல் நன்றாக ஆவியாகாது. ஆக, ஒரே காரணம் இரண்டு நோய்களாகத் தோற்றமளிக்கிறது. அந்த நிலையில் பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பரிசோதித்தவர் பொறி நலிந்திருக்கிறதென்று காயிலை மாற்றுவார். கார்புரேட்டரைப் பிரித்தவர் அதைச் சுத்தம் செய்வார். குறை அப்படியே இருக்கும். பாட்டரி இறங்கிப்போன அதே வண்டிக்கு ஹாண்டில் போட்டால் இரண்டாம் இழுப்பிலேயே கிளம்பிவிடுவதும் உண்டு; செல்ஃப் விழுங்காமல் விட்ட மின்சாரம் முழுவதும் பொறிக்குக் கிடைத்ததே காரணம்.

ஆகவே புதிய பரிசோதனை முறை ஒன்று மெள்ள மெள்ள உருவாயிற்று. அதில் முதலாவதும், ஒரு காசும் செலவில்லாததும், முன்விளக்கை எரியவிட்டுக்கொண்டு செல்ஃபை அழுத்திப் பார்ப்பது. விளக்கு அணைவதைப் போல் மங்கி, செல்ஃபும் முனகினால், பாட்டரி வற்றியிருக்கிறது, அல்லது எஞ்சினோ மோட்டாரோ இறுகியிருக்கிறது. விளக்கு பிரகாசம் குன்றாமல் இருந்து, செல்ஃப் மௌனம் சாதித்தால், மின்சாரம் மோட்டாரைச் சென்றடையவே இல்லை. ஸ்விட்சையோ, செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைக்கும் சோலனாய்டையோ, தேய்ந்த பிரஷையோ பார்க்க வேண்டும். சோலனாய்டு 'டக், டக்' என்று விடாமல் அடித்துக்கொண்டால், அதைப் பிடித்து நிறுத்தப் போதுமான வலு பாட்டரியில் இல்லை. விளக்கு பிரகாசமாகவே இருந்து, மோட்டார் 'விர்' என்று தனியே சுழன்று, எஞ்சின் மட்டும் அசையாதிருந்தால், குறை பெண்டிக்ஸில் இருக்கிறது.

இந்தப் பெண்டிக்ஸ், வின்ஸென்ட் பெண்டிக்ஸ் என்பவரின் அருமையான கற்பனை. 1914 முதல் வண்டிகளில் வரத் தொடங்கிய அதில், செல்ஃபின் தண்டில் திருகுமரை வெட்டி, அதன்மேல் ஒரு சிறு பல்சக்கரம் தளர்வாகக் கோக்கப்பட்டிருக்கும். மோட்டார் வெடுக்கென்று சுழலும்போது, அந்தப் பல்சக்கரம் தன் கனத்தால் பின்தங்கி, மரையின் வழியே முன்னால் ஓடி, எஞ்சினின் பெரிய சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். எஞ்சின் கிளம்பி வேகம் பிடித்தவுடன், அந்த வேகமே அதைத் திருப்பி விரட்டிவிடும். மனிதர் கைவைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அந்த மரையில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பசையாகிவிட்டால் சக்கரம் ஓடாது. பல்லோடு பல் இறுகிச் சிக்கிக்கொண்டால் திரும்பியும் வராது. அப்படிச் சிக்கிக்கொண்ட வண்டியை, டாப் கியரில் போட்டு முன்னும் பின்னுமாக ஆட்டி விடுவிப்பது டிரைவர்களுக்குத் தெரிந்த உபாயம். பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில், செல்ஃபின் பின்முனையில் ஒரு சிறு மூடியைக் கழற்றினால் ஆர்மேச்சர் தண்டின் சதுர நுனி தெரியும். அதில் ஸ்பானரை மாட்டித் திருப்பினால், சிக்கிய பல் 'டக்' என்று விடுபடும். சிக்கிக்கொள்ளும் என்று எதிர்பார்த்து, அதற்கு வழியும் வைத்துத் தயாரித்த அந்த எஞ்சினீயர்களை நான் மனமாரப் போற்றுகிறேன்.

பாட்டரியைப் பரிசோதிப்பதற்கும் நல்ல முறைகள் பிறந்தன. கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை வைத்த ஹைட்ரோமீட்டரால் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தால், நிரம்பிய அறையில் 1.260க்கு மேலும், வற்றியதில் 1.150க்குக் கீழும் காட்டும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில், தகடுகள் விரைவில் அரிக்கப்படாமல் இருப்பதற்காக, தொடக்கத்திலேயே 1.240 அளவுள்ள சற்று மெலிந்த அமிலத்தை ஊற்றுவது வழக்கம். எல்லா அறைகளும் ஒன்றுபோல் குறைந்திருந்தால் அது ஊட்டக் குறைவு; ஒன்று மட்டும் தனியே தாழ்ந்திருந்தால் அந்த அறை செத்துக்கொண்டிருக்கிறது. கருவியே கைவசம் இல்லாதவர்கள், மூடிகளைத் திறந்து வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, நெருப்பை அண்டவிடாமல், சற்று விலகி நின்று பார்ப்பார்கள். எந்த அறையில் அமிலம் குமிழியிட்டுப் பொங்குகிறதோ அந்த அறை பழுது.

தமிழ்நாட்டில் ஹாண்டில், செல்ஃப் என்னும் இந்த இரண்டு யுகங்களும் வெகுகாலம் அருகருகே வாழ்ந்தன. பஸ்களில் கிளீனர் என்ற பதவியின் முதல் கடமையே விடியற்காலையில் ஹாண்டில் போடுவதாக இருந்தது. அதில் தேறியவரே பிறகு ஸ்டீயரிங்கில் உட்காரத் தகுதி பெற்றார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, மதுரை டி.வி.எஸ். நிறுவனம் உட்படப் பலர் செய்து தந்த கரிவாயுக் கலங்களைப் பின்னால் சுமந்துகொண்டு பஸ்கள் ஓடின. அவற்றைக் கிளப்புவதற்கு, அடுப்பில் கரியைப் பற்றவைத்து, துருத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி, வாயு நன்றாக எரியும் பதம் வரும்வரை காத்திருந்து, அதற்குமேல் ஹாண்டிலும் போட வேண்டும். பெட்ரோலைக் காட்டிலும் வலுக்குறைந்த அந்த வாயுவில் எஞ்சினின் சக்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுமாகையால், கொஞ்சம் பெட்ரோலில் கிளப்பிவிட்டுப் பிறகு வாயுவுக்கு மாற்றிக்கொள்வதும் உண்டு. முகமெல்லாம் கரியும் உடலெல்லாம் வியர்வையுமாக, பிரயாணிகள் ஏறுவதற்கு வெகுநேரம் முன்பே உழைத்த அந்தக் கிளீனர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நம் நாட்டு மோட்டார் சரித்திரத்தில் அவர்களுக்கு ஓர் அத்தியாயமே உரியது.

போருக்குப் பின் வந்த அம்பாஸடரிலும் பியட்டிலும் செல்ஃப் இருந்தது. இருந்தும் டிக்கியில் ஒரு ஹாண்டிலும் கூடவே வந்தது. 1961இல் சென்னைப் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவப்பட்டு, செல்ஃபும் டைனமோவும் இங்கேயே உற்பத்தியாகத் தொடங்கின. அதோடு கூடவே ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்னும் தொழிலும் ஊருக்கு ஊர் கால்கொண்டது. சென்னையின் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும், மாவட்டத் தலைநகரங்களின் பஸ் நிலையங்களுக்கு அருகிலும், ஒரு பெஞ்சியும் ஒரு வைஸும் மட்டுமே உள்ள சிறு கடைகளில், அவர்கள் செல்ஃபைப் பிரித்து, கம்யூட்டேட்டரை உப்புத்தாளால் தேய்த்து, செம்புப் பட்டைகளுக்கு இடையிலுள்ள மைக்காவை ஹாக்ஸா பிளேடின் துண்டால் நுணுக்கமாகக் கீறித் தாழ்த்துவார்கள். தேய்ந்த புஷ்ஷின் காரணமாகத் தண்டு சாய்ந்து, ஆர்மேச்சர் சுற்றிலுமுள்ள காந்தத் துருவத்தில் உரசியிருந்தால், அதன் இரும்பில் பளபளவென்று ஒரு தேய்ந்த பட்டை தெரியும். அதைக் கண்டவுடன், இந்தச் செல்ஃப் குளிர்ந்த நிலையில் ஒழுங்காகவும், எஞ்சின் சூடானபின் மந்தமாகவும் சுழன்றிருக்க வேண்டுமே என்று வண்டிக்காரரிடம் கேட்பார்கள். அவரும் வியப்போடு ஆமோதிப்பார்.

அமெரிக்காவில் 1950களின் நடுவில் ஆறு வோல்ட் பாட்டரிகள் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறின. அழுத்தம் மிகுந்த பெரிய எஞ்சின்களைச் சுழற்ற ஆறு வோல்ட்டில் பாயவேண்டிய மின்சாரம் அத்தனை அதிகம். வோல்ட்டேஜை இரட்டித்தால் மின்சாரம் பாதியாகும், அதே கம்பியில் வீணாகும் சக்தி கால்பங்காகும். 1949இல் கிரைஸ்லர் வண்டிகளில் சாவியைத் திருப்பினாலே செல்ஃப் எடுக்கும் ஏற்பாடு வந்தது. 1960இல் அதே கம்பெனியின் வாலியன்ட்டில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் வந்து, நெரிசலில் மெதுவாக ஓடும் வண்டிக்கும் பாட்டரி இறங்காத நிலை உண்டாயிற்று. செல்ஃப் நம்பத்தக்கதாக ஆக ஆக, ஹாண்டில் போடும் துவாரம் பம்பரிலிருந்து மறைந்தது.

அதனோடு மந்தச் சுழற்சியின் காரணத்தைக் கையால் அறியும் வழியும் மறைந்து, அனுமானம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. செல்ஃப் எடுக்கவில்லையா, பாட்டரியை மாற்று; அதற்கும் எடுக்கவில்லையா, செல்ஃபை மாற்று என்னும் வழக்கத்தால், குற்றமற்ற பாட்டரிகள் எத்தனையோ குப்பைக்குப் போகின்றன. ஹாரன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது, ஆகவே இணைப்புகள் சரி என்று முடிவுகட்டுவதுதான் இந்தத் தவறுகளில் தலையாயது. பாட்டரியின் ஈயக் கம்பத்துக்கும் அதைக் கவ்வியிருக்கும் கிளாம்புக்கும் நடுவே, வெண்பச்சை நிறத்தில் பூத்திருக்கும் உப்பு, ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடையை உண்டாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்குகளுக்குப் போகும் பத்து ஆம்பியருக்கு அது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கைத்தான் விழுங்கும், கண்ணுக்கே தெரியாது. செல்ஃபின் இருநூறு ஆம்பியர் அதே தடையைத் தாண்டும்போது இரண்டு வோல்ட் அங்கேயே நின்றுவிடும், எஞ்சின் தள்ளாடும். எஞ்சினைச் சட்டத்தோடு இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்தாலும் இதே கதைதான். அப்பொழுது மின்சாரம் திரும்பிவர வேறு வழி தேடி, கியர்க் கம்பியிலும் கைப்பிரேக் கம்பியிலும் பாய்ந்து, அவற்றைச் சூடாக்கிப் புகையவைத்ததும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வோல்ட்மீட்டர் போதும். அதன் ஒரு தொடுமுனையை ஈயக் கம்பத்தின் தலையிலும், மற்றொன்றை அதைக் கவ்விய கிளாம்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னால், முள் ஏறக்குறைய அசையாமலே இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் கோளாறு அங்கேதான். அதே முறையில் கிளாம்பிலிருந்து சோலனாய்டு, சோலனாய்டிலிருந்து செல்ஃப், எஞ்சின் இரும்பிலிருந்து பாட்டரியின் எர்த் என்று படிப்படியாகத் தொட்டுக்கொண்டே போகலாம். நிரம்பிய நிலையில் 12.6 வோல்ட் காட்டும் பாட்டரி, செல்ஃப் இழுக்கும்போது 9.6க்குக் கீழே போகாமல் நின்றால் அதன்மேல் பழியில்லை. பாட்டரியும் சரி, இணைப்புகளும் சரி, எனினும் சுழற்சி மந்தம் என்று நிச்சயமான பிறகே செல்ஃபையும் எஞ்சினையும் சந்தேகிக்கலாம். மீட்டர் இல்லாத இடத்தில், பத்து விநாடி செல்ஃப் அடித்துவிட்டுக் கம்பிகளின் முனைகளைத் தொட்டுப் பார்ப்பதும் ஒரு நல்ல உபாயம். எந்த இணைப்பு சுடுகிறதோ, தடை அதில் இருக்கிறது.

இன்றைய பெரிய பட்டறைகளில், பாட்டரிக் கம்பியின்மேல் ஒரு கவ்வியை மாட்டி, பெட்ரோலை நிறுத்திவைத்துச் செல்ஃப் அடித்து, அது இழுக்கும் மின்சாரத்தைத் திரையில் கோடாக வரைந்து பார்க்கிறார்கள். ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை அழுத்தி மேலேறும்போது செல்ஃப் கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பதால் கோடு ஒரு மேடாக எழும்புகிறது. நான்கு சிலிண்டருக்கு நான்கு மேடுகள். அவற்றுள் ஒன்று மட்டும் தணிந்திருந்தால், அந்தச் சிலிண்டரின் வால்வையோ வளையத்தையோ பிரித்துப் பார்க்கச் சொல்லிச் சீட்டெழுதுகிறார்கள்.